கருகிய ஏடும் அபுவின் கதையும்

நியூயார்க் மாநகரின் ஹவுஸ்டன் தெருவில் 'ஃபிலிம் ஃபோரம்' என்றொரு படவரங்கு உண்டு. 1970ஆம் ஆண்டில் மடக்கு நாற்காலிகள் ஐம்பதும் படங்காட்டும் பொறி ஒன்றும் கொண்டு தொடங்கப்பெற்ற அரங்கு அது. ஆதாயம் கருதாது நடைபெறுவது. அங்கே 2015ஆம் ஆண்டு மே திங்கள் 8ஆம் நாள் முதல், வங்காளத்துச் சத்யஜித் ரே இயற்றிய 'பதேர் பாஞ்சாலி', 'அபராஜிதோ', 'அபூர் சன்சார்' என்னும் மூன்று படங்களும் காட்டப்பெற்றன. அதற்கு நான்கு நாள் முன்னர், மே 4ஆம் நாள், அந்நகரின் நவீனக் கலைக் காட்சிக்கூடத்தில் 'பதேர் பாஞ்சாலி' புதுப்பித்த நிலையில் முதன்முதலாகத் திரையிடப்பெற்றது. பழம்படங்களை மீண்டும் காட்டும் வழக்கம் அம்மாநகரில் என்றும் உள்ளதே. ஆயினும் அவ்வாரத்தைத் தனியே எடுத்து ஆராய்வதற்கு ஒரு காரணம் உண்டு. அன்று திரையில் ஓடிய படங்கள் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் நெருப்பில் வெந்தவை.

இவ்வகை அரங்குகளின் இயல்பை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். வணிக அரங்கில் புதுப்படம் வரும். கூட்டம் உள்ளவரை ஓடும். கூட்டம் குறைந்தால் பெட்டிக்குள் போகும். பின்னர் அதனைக் காண விழைவோர்க்கு வழியில்லை. நூலை வாங்கத் தவறியவன் நூலகத்துக்குப் போகலாம். படத்தைக் காணத் தவறியவன் எங்கே போவான்? இக்கேள்விக்கு விடையாக எழுந்தவையே பழம்படங்களையும், பெரிய கம்பெனிகளின் பொருளுதவியின்றித் தனியார் எடுத்த படங்களையும் நிரல்படுத்தி வாரந்தோறும் காட்டும் அரங்குகள். நியூயார்க்கில் இதற்கு நீண்ட வரலாறு இருக்கின்றது. நவீனக் கலைக் காட்சிக்கூடம் 1935ஆம் ஆண்டிலேயே படநூலகம் ஒன்றை அமைத்து, அதன் பொறுப்பை ஐரிஸ் பேரி என்ற அம்மையாரிடம் ஒப்படைத்தது. வியன்னாவிலிருந்து வந்து குடியேறிய ஏமஸ் வோகல் 1947இல் 'சினிமா 16' என்ற படக்கழகத்தைத் தோற்றுவித்தார். உறுப்பினர்க்கு மட்டுமே காட்டும் கழகமாதலின் மாநிலத் தணிக்கையாளரின் கத்தரிக்கு அது தப்பிற்று. 1963 வரை நடந்த அக்கழகத்தில் ஒரு காலத்தில் உறுப்பினர் தொகை ஏழாயிரத்தை எட்டியது. லயனல் ரோகோசின் என்பார், தாம் எடுத்த படத்தைக் காட்டத் தாமே ஓர் அரங்கை 1960இல் பிளீக்கர் தெருவில் நிறுவினார். 1970இல் ஜோனஸ் மெக்காஸும் அவர் நண்பர்களும் அமைத்த 'ஆந்தாலஜி' அரங்கிலோ, ஒருவர் அருகிருப்பவரைக் காணாதபடி ஒவ்வோர் இருக்கைக்கும் கரிய மறைப்பு வைத்தனர். இஃது அளவு கடந்த பத்திமை என்றே சொல்லவேண்டும். கூத்தும் நாடகமும் ஊரார் கூடியிருந்து காணும் கலைகள். பக்கத்திலிருப்பவர் மூக்கை உறிஞ்சும் ஒலியும் அழுகைக் காட்சியின் ஒரு பகுதியே. மலாயாத் தோட்டங்களில் முன்பெல்லாம் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய இரவுகளை அறிந்தோர் இதனை எளிதில் ஒப்புவர்.

நியூயார்க்கிற்கும் 'பதேர் பாஞ்சாலி'க்கும் உள்ள உறவு 2015இல் தொடங்கியதன்று. 1954இல் கல்கத்தா வந்திருந்த நவீனக் கலைக் காட்சிக்கூடத்தைச் சேர்ந்த மன்ரோ வீலர், பாதி முடிந்திருந்த படத்தின் நிழற்படங்களைக் கண்டு, இந்தியக் கலைப்பொருட்காட்சியோடு சேர்த்து இதனைக் காட்டலாம் என்று அழைத்தார். ரே அப்போது பணமின்றித் தவித்துக்கொண்டிருந்தார். காப்புறுதிப் பத்திரத்தை ஈடு வைத்தும், மனைவியின் நகைகளை அடகு வைத்தும் எடுத்த படம் அது; இறுதியில் மேற்கு வங்க அரசு பணம் தந்து முடிப்பித்தது. சாலை மேம்பாட்டுக் கணக்கில் அப்பணம் எழுதப்பட்டதென்பர். படத்தின் பெயரில் 'பாதை' இருப்பதால் வந்த வேடிக்கை இது. இவ்வாறு முடிந்த படம் 1955 மே 3ஆம் நாள் நியூயார்க்கில் காட்டப்பெற்றது. துணையெழுத்துச் சேர்க்கவும் காலம் இல்லாமற் போயிற்று. வங்கமொழி அறியாத அவையோர் ஒரு சொல்லும் விளங்காமல் அதைப் பார்த்தனர். கல்கத்தா மக்களுக்கு அப்படம் ஆகஸ்டு 26ஆம் நாளன்றுதான் கிடைத்தது. 1958 செப்டம்பரில் நியூயார்க் ஐந்தாம் அவென்யூ அரங்கில் அது பொதுமக்களுக்குத் திரையிடப்பெற்றபோது எட்டு மாதங்கள் ஓடிற்று. 'நியூயார்க் டைம்ஸ்' ஏட்டின் திறனாய்வாளர் பாஸ்லி கிரௌதர், கட்டுக்கோப்புத் தளர்ந்த படம், ஹாலிவுட்டில் இதனை முதல் வெட்டு என்றும் ஒப்பமாட்டார்கள் என்னும் பொருள்பட எழுதினார். படத்தின் உருக்கத்தையும் அவர் மறுக்கவில்லை. அவருடைய குறையைப் பின்னர் எடைபோடுவோம்.

முதலில் ஏட்டின் நிலையைப் பார்ப்போம். 1992ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் ரே மறைந்தார். அடுத்த ஆண்டு, அவர் படங்களின் மூல நெகட்டிவ் சுருள்கள் புதுப்பிப்பதற்காக இலண்டனுக்கு அனுப்பப்பெற்றன. அங்கே ஹெண்டர்சன் பட ஆய்வகத்தில் 1993 ஜூலையில் தீப்பிடித்தது. அபுவின் கதை மூன்றின் மூலச் சுருள்களும் அத்தீயில் அகப்பட்டன. கருகியும் உருகியும் ஒன்றோடொன்று ஒட்டியும் கிடந்தவற்றை எவரும் குப்பையில் எறிந்திருப்பர். ஆனால் அவை அமெரிக்கத் திரைப்பட அகாதமியின் காப்பகத்துக்கு அனுப்பப்பெற்று, இருபது ஆண்டு அங்கே கிடந்தன. 2013இல் கிரைட்டீரியன் நிறுவனம் அவற்றை வெளியே எடுத்து, இத்தாலியில் பொலோன்யா நகரிலுள்ள பழுதுபார்க்கும் கூடத்துக்கு விடுத்தது. அங்குள்ள வல்லுநர் நெகிழ்வூட்டும் கரைசலில் சுருள்களை ஊறவைத்து, உருகிய பசையையும் ஒட்டுத்தாளையும் நீக்கி, ஓரத் துளைகளைக் கையாலேயே சரிசெய்தனர். இப்பணிக்குச் சற்றேறக்குறைய ஆயிரம் மணி நேரம் சென்றது. 'பதேர் பாஞ்சாலி'யில் நூற்றுக்கு நாற்பது பங்கும், 'அபராஜிதோ'வில் அறுபதுக்கு மேற்பட்ட பங்கும் மீண்டன. 'அபூர் சன்சார்' படத்தின் மூலத்திலிருந்து பயன்படத்தக்கது ஒன்றும் கிடைக்கவில்லை. எஞ்சிய இடங்களை இலண்டன், ஹார்வர்டு முதலிய காப்பகங்களில் இருந்த படிகளைக் கொண்டு நிரப்பினர்.

தமிழ்ப் பதிப்பு வரலாறு கற்றார்க்கு இச்செய்தி புதியதாகத் தோன்றாது. ஓலைச்சுவடி தேடிப்போன உ.வே. சாமிநாதையர் கண்டவையும் இத்தகையனவே: செல்லரித்த ஏடு, இடையொடிந்த ஏடு, முதலும் ஈறும் இல்லா ஏடு. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இன்றுவரை நமக்கு வாய்க்கவில்லை. புறநானூற்றுப் பாட்டுகள் சிலவற்றில் அடி நடுவே புள்ளிகள் நிற்கின்றன. அப்புள்ளிகள் பதிப்பாசிரியரின் நேர்மைக்குச் சான்று. 'இங்கே எனக்குக் கிடைக்கவில்லை' என்று அவை படிப்போரிடம் சொல்லிவிடுகின்றன. படத்தைப் புதுப்பிப்போர்க்கு இந்த வசதி இல்லை. துர்கா மழையில் நனையும்போது திரையில் புள்ளி வைத்துக் காட்ட முடியாது. ஓர் இழையும் விடாமல் நிரப்பியே ஆகவேண்டும். ஆகவே ஒரே காட்சியில் ஒரு துண்டு மூலத்திலிருந்தும் அடுத்த துண்டு படியின் படியிலிருந்தும் வரக்கூடும். ஓலையில் எழுத்து மாறாமல் பெயர்த்தெழுதலாம். படச்சுருளிலோ ஒவ்வொரு படி எடுக்கும்போதும் கருமையும் வெண்மையும் சிறிது சிறிதாக மங்குகின்றன. மூலச் சுருளிலிருந்து வந்த இடத்தில் இலையின் நரம்பு தெரியும். படியிலிருந்து வந்த இடத்தில் இலை மட்டுமே தெரியும். பொலோன்யாக் கூடத்தார் இவ்விரண்டையும் பொருந்தச் செய்த திறம் பெரிது. எனினும் எவ்வெத் துண்டு எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு, படம் பார்ப்பவன் கையில் இல்லை. நல்ல பதிப்பில் பாடவேறுபாட்டைப் பக்கத்தின் அடியில் கொடுப்பர். படக்கலை இன்னும் அந்த அளவுக்கு வளரவில்லை.

இனிப் படங்களுக்கு வருவோம். 'பாஞ்சாலி' என்றவுடன் தமிழர் நெஞ்சில் ஐவர் தேவி வந்து நிற்பாள். அது பொருந்தாது. வங்காளத்தில் பாஞ்சாலி என்பது ஒருவகைக் கதைப்பாட்டு. 'பதேர்' என்பது 'பாதையின்' எனப் பொருள்படும். விபூதிபூஷண் பந்தோபாத்யாய 1929இல் நூலாக வெளியிட்ட நாவலின் பெயர் அது. 'நாகம்மாள்' ஆசிரியர் ஆர். சண்முகசுந்தரம் அதனைத் தமிழாக்கித் தந்திருக்கின்றார். நிச்சிந்திபுரம் என்ற சிற்றூரில் வாழும் ஏழை அந்தணர் ஹரிஹர், அவர் மனைவி சர்வஜயா, மகள் துர்கா, மகன் அபு, தூரத்து உறவான முதியவள் இந்திர் ஆகியோரின் வாழ்க்கையே கதை. கதைப்பாட்டுக்கு உரிய தளர்ந்த நடையே படத்துக்கும் அமைந்தது. கிரௌதர் குறையாகக் கண்டது இந்நடையைத்தான். வினை, அதன் விளைவு, அதற்கு மறுவினை என்று இறுக்கிக் கட்டிய நாடகத்தை எதிர்பார்ப்பவர்க்கு இப்படம் நகராததுபோல் தோன்றும். ஆனால் மிட்டாய்க்காரன் பின்னே இரு பிள்ளைகளும் ஒரு நாயும் வரிசையாக நடக்க, அவ்வரிசை குளத்து நீரில் தலைகீழாய்த் தெரியும் காட்சியை எந்தக் கட்டுக்கோப்பின் பொருட்டு வெட்டி எறிவது?

அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்குத் தொல்காப்பியர் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்கள் காட்டுவர். இந்நான்கும் ஒரே முற்றத்தில் கூடியிருப்பதை இப்படத்தில் காணலாம். சர்வஜயா கடிந்துரைக்கத் தன் கந்தல் மூட்டையை எடுத்துக்கொண்டு வெளியேறும் இந்திர் கிழவியிடம் இளிவு. துர்காவின் சாவில் இழவு. அசைவு என்பதற்கு, முன்னிருந்த நல்ல நிலை கெட்டுத் தளர்தல் என்று உரை கூறுவர்; இடிந்து சரிந்த ஹரிஹரின் முன்னோர் வீடே அதன் வடிவம். வறுமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் இந்நான்கையும் ரே ஒரே அளவில் தூவிவிடவில்லை. இந்திராக நடித்த சுனிபாலா தேவி எண்பது வயதை ஒட்டியவர். பழைய மேடை நடிகை. படம் வெளிவருமுன் இறந்துபோனார். பல்லில்லா வாயால் அவர் சோற்றைக் குதப்பி உண்பதையும், துர்கா திருடிக் கொணர்ந்த கொய்யாவைக் கண்டு முகம் மலர்வதையும் படம் பரிவோடு காட்டுகின்றது. இளிவின் நடுவே நகையும் உவகையும் விரவிவருவதால், மூங்கிற் காட்டில் அவர் உட்கார்ந்தபடியே இறந்திருப்பதைப் பிள்ளைகள் கண்டுகொள்ளும் இடம் காண்போரை உலுக்குகின்றது. துர்கா தொட்டு அசைக்கின்றாள், உடல் சாய்கின்றது, செம்பு உருண்டோடுகின்றது. அவ்வளவே.

பிள்ளைகள் அப்போது எங்கிருந்து திரும்பி வருகின்றார்கள் என்பதையும் நோக்குக. வெண்பூப் பூத்த நாணற்காட்டில் ஓடிச்சென்று இரயில் வண்டியைப் பார்த்துவிட்டு வருகின்றார்கள். முதன்முதல் உலகத்தைக் கண்ட பொழுதும் முதன்முதல் சாவைக் கண்ட பொழுதும் ஒன்றேயாய் அமைகின்றன. அந்நாணற்காட்சிதான் 1952 அக்டோபரில் ரே படமெடுத்த முதற்காட்சி. ஒருநாள் எடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து மீண்டும் சென்றபோது, பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த ஆண்டு பூக்கும்வரை காத்திருந்தார். பருவத்தோடு பொருந்தாத காட்சியை எடுக்க மறுத்த அப்பொறுமையைப் பாராட்டவேண்டும். நாவலில் துர்கா இரயிலைக் காணாமலே இறக்கின்றாள். நோயுற்றுக் கிடக்கும்போது, எழுந்து நலமானதும் இரயிலைக் காட்டுவாயா என்று தம்பியிடம் கேட்பவள் அவள். படத்தில் ரே அவளை நாணற்காட்டுக்கு அழைத்துவருகின்றார். ஆனால் ஓடும்போது அவள் கால் இடறி விழுகின்றாள். தம்பி மட்டுமே தண்டவாளத்தை அடைகின்றான். நாவலாசிரியர் சொல்லால் உணர்த்திய ஏக்கத்தைப் படத்தின் இயக்குநர் ஓர் இடறலால் உணர்த்திவிடுகின்றார். மூலத்தை மாற்றியும் மூலத்துக்கு உண்மையாய் நிற்பதற்கு இதனினும் சிறந்த சான்று எளிதில் கிடைக்காது.

ஒரு வாரத்தில் மூன்று படங்களையும் அடுத்தடுத்துக் காண்பவர்க்கே புலனாகும் செய்தி ஒன்று உண்டு. அது இந்த இரயில். அகப்பாட்டில் புலவர் மானையோ மந்தியையோ காட்டிச் செல்வர். கற்றோர் அதனுள் தலைவன் தலைவி நிலையைக் காண்பர். கருப்பொருளைப் பற்றி எழும் அவ்வுள்ளுறைக்கு ஐந்திணையில் இரயில் வண்டி இல்லைதான். ஆனால் அபு வாழும் நிலத்துக்கு அதுவே கருப்பொருள். முதற்படத்தில் அது வியப்பு. நாணற்பூவுக்கு மேலே கரும்புகையாய்த் தெரிவது. இரண்டாம் படத்தில், தாய் வாழும் சிற்றூரின் வாசலிலிருந்து பார்த்தால் வயலுக்கு அப்பால் ஊர்ந்து செல்வது. மகனைக் கொண்டுபோவதும் அது, கொண்டுவருவதும் அது, கொண்டுவராமற் போவதும் அதுவே. மூன்றாம் படத்தில் அது கல்கத்தாவில் அபு குடியிருக்கும் மாடியறையின் சாளரத்துக்கு வெளியே ஓயாமல் கூச்சலிடும் தொல்லை. மனைவி காதைப் பொத்திக்கொள்ளும் ஒலி. அவள் இறந்தபின் அவன் சாகத் துணிந்து நிற்கும் தண்டவாளம். முடிவில், தான் ஒருநாளும் பாராத மகனுக்கு அபு கொண்டுவந்து நீட்டும் விளையாட்டுப் பொம்மை. சிறுவன் காஜல் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. முதற்படத்தை மட்டும் 1958இல் கண்ட நியூயார்க் மக்களுக்கு இரயில் ஓர் அழகிய காட்சி. மூன்றையும் 2015இல் ஒருசேரக் கண்டவர்க்கு அது ஒரு வாழ்க்கை.

மூன்றனுள் எது சிறந்தது என்ற வினாவுக்குப் பெரும்பாலோர் முதற்படத்தையே சுட்டுவர். அபராஜிதோ 1957இல் வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கம் பெற்றது. ஆனால் கல்கத்தாவில் அதற்குக் கூட்டம் சேரவில்லை. தாயை மதியாத மகனைத் திரையில் காண மக்கள் விரும்பவில்லை என்று ரே கருதினார். ஆசிரியத் தொழிலில் உள்ளோர் மும்முறையேனும் காணவேண்டிய படம் இதுவே எனத் துணிந்து கூறலாம். காசி நகரில் ஹரிஹர் இறக்கின்றார். அவர் உயிர் பிரியும் கணத்தில் ஆற்றங்கரைப் புறாக்கள் ஒருங்கே எழுந்து பறக்கின்றன. விதவையான சர்வஜயா பெரிய வீடொன்றில் சமையல் வேலை செய்கின்றாள். ஒருநாள், தன் மகன் அவ்வீட்டு எசமானுக்கு ஏவல் செய்து காசு பெறுவதைப் படியில் நின்று பார்க்கின்றாள். அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்த காட்சியில் இரயில் ஓடுகின்றது. தாயும் மகனும் ஊர் திரும்புகின்றனர். ஏவலாள் பிள்ளை ஏவலாளாகவே ஆகிவிடுவான் என்ற அச்சம் அவள் முகத்தில் எழுந்து முடிவாய் உறைவதைக் கருணா பானர்ஜி காட்டும் திறத்துக்கு ஈடில்லை. தோட்டத்துப் பெற்றோர் பலர் முகத்தில் பள்ளி ஆசிரியர்கள் கண்டிருக்கும் முகம் அது.

ஊரில் அபு காலையில் புரோகிதம் பார்க்கின்றான். பின்னர்ப் பள்ளிக்குப் போகின்றான். பள்ளிக்கூட மேற்பார்வையாளர் வரும் நாளில் வகுப்பறையில் நிகழ்வன அனைத்தும் ஆசிரியர்க்கு நகைப்பூட்டும்: துடைத்துத் துலக்கிய சுவர், தலைமையாசிரியரின் பதற்றம். அபு எழுந்து ஒரு பாட்டை ஒப்பிக்கின்றான். மேற்பார்வையாளர் மகிழ்கின்றார்; தலைமையாசிரியர் நெஞ்சு நிமிர்கின்றார். அன்றிலிருந்து அவர் அபுவுக்கு நூல்கள் கொடுக்கின்றார்: துருவப் பயணம், ஆப்பிரிக்கக் காடு, விண்மீன். பின்னர் உதவித்தொகை; அதன்பின் கையில் ஒரு சிறு பூகோள உருண்டை. அவ்வுருண்டையை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் கல்கத்தாவுக்குப் புறப்படுகின்றான். நல்ல தலைமையாசிரியர், நல்ல மாணவன், தகுதிக்கேற்ற பரிசு. இதிலே தீயவர் எவருமில்லை. ஆயினும் அந்நல்லாசிரியர் கொடுத்த உருண்டையே ஒரு தாயைத் தனிமையில் இறக்கச் செய்கின்றது. இக்கணக்கைப் படம் மறைக்கவில்லை. ஆசிரியர்மேல் பழி சுமத்தவும் இல்லை. படிக்கவேண்டாம் என்றும் அது சொல்லவில்லை. படித்ததற்கு விலை யார் கொடுத்தார் என்று மட்டும் காட்டிவிட்டு நிற்கின்றது.

விடுமுறையில் வந்த மகன் பாயில் படுத்திருக்க, தாய் பேசிக்கொண்டிருக்கின்றாள்: தனக்கு நோய் பெரிதானால் வந்து பார்த்துக்கொள்வானா, வேலை கிடைத்தால் தன்னை அழைத்துக்கொள்வானா என்று. மறுமொழி இல்லை. அவன் எப்போதோ உறங்கிவிட்டான். இவ்விடத்தில் இசை இல்லை, முகத்தை நெருங்கிக் காட்டி வற்புறுத்தல் இல்லை. பிறிதொரு காட்சியில் அபு இரயில் நிலையத்துக்குப் போய், வண்டியும் வந்து நிற்க, ஏறாமல் திரும்பி வீட்டுக்கு வருகின்றான். வண்டி தவறிவிட்டதென்று பொய் சொல்கின்றான். ஒரே ஒரு நாள். தாய்க்கு அது போதுமானதாயிருக்கின்றது. இறுதியில் மரத்தடியில் சாய்ந்திருப்பவளுக்குத் தொலைவில் இரயிலின் ஒலி கேட்கின்றது. எழுந்து வாசலுக்கு வருகின்றாள். இருளில் மின்மினிகள் மட்டும் மின்னுகின்றன. தாய் இறந்தபின் கல்கத்தாவுக்கே திரும்பிச் செல்லும் மகனைப் பழித்தவர்கள், அவன் திண்ணையில் தனியே அமர்ந்து அழுததை மறந்தவர்கள்.

ஒளி குறித்தும் ஒன்று கூறவேண்டும். காசி வீட்டின் உள்முற்றத்தைக் கல்கத்தாப் படநிலையத்துள் கட்டினர். விளக்கை நேரே பாய்ச்சினால் பல நிழல்கள் விழும். திறந்த முற்றத்தின் மெல்லொளி வாராது. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா முற்றத்தின்மேல் வெண்துணியைக் கட்டி, விளக்கொளியை அதில் மோதவைத்துத் திருப்பினார். வானத்திலிருந்து இறங்கும் ஒளிபோல் அது பரவிற்று. இந்நுட்பம் பின்னர் எங்கும் பரவியது. புதுப்பித்த படியில் இவ்வொளியின் மென்மை தெளிவாகத் தெரிகின்றது என்பதே அவ்வாயிரம் மணி நேர உழைப்புக்கு உரிய நன்றி.

'அபூர் சன்சார்' 1959இல் வந்தது. சௌமித்ர சட்டர்ஜியும், அன்று பள்ளிச் சிறுமியாயிருந்த சர்மிளா தாகூரும் நடித்த இல்லறக் காட்சிகள் மிகச் சுருக்கமானவை. கிழிந்த திரைச்சீலையின் துளைவழியே புதுப்பெண் வெளியே பார்ப்பதும், சிகரெட்டுப் பெட்டிக்குள் அவள் எழுதிவைத்த எச்சரிக்கையும் பேச்சுக்கு இடமில்லாதபடி அன்பை உணர்த்துகின்றன. ஆயினும் இப்படத்தின் அமைப்பில் குறை இல்லாமலில்லை. மணமகன் பித்தன் என்று தெரிந்து, விருந்தாக வந்த அபு அந்நேரத்திலேயே மணமகனாவது நாவலில் வந்த நிகழ்ச்சியே எனினும், படத்தில் வலிந்து புகுத்தியதுபோல் நிற்கின்றது. மனைவியை இழந்தபின் எழுதிவந்த நாவலின் தாள்களை மலைமேலிருந்து காலைக் கதிரில் பறக்கவிடும் காட்சி அழகுதான். ஆனால் அழகாயிருக்கவேண்டும் என்று எண்ணிச் செய்த அழகு. இந்திர் கிழவியின் உருண்ட செம்பிடம் அத்தகைய எண்ணம் இல்லை. அதே போல், துர்கா இறந்தபின் தந்தை வாங்கிவந்த சேலையைக் கண்டு சர்வஜயா கதறும் இடத்தில் அவள் குரலை நீக்கிவிட்டு, ரவிசங்கர் அமைத்த இசையில் தார்ஷெனாயின் உச்ச ஒலியை மட்டும் வைத்தது திரைக்கலையின் பேராற்றல்களுள் ஒன்று. மூன்றாம் படத்தில் அத்தகைய துணிவு குறைவு. தந்தையின் தோள்மேல் காஜல் ஏறியமரும் முடிவு மட்டும் இக்குறைகளையெல்லாம் ஈடுசெய்கின்றது.

இம்மூன்றாம் படத்தின் மூலம் முழுதும் அழிந்தும் படம் எஞ்சியது எப்படி? உலகின் பல ஊர்களில் படிகள் இருந்தமையால். நியூயார்க், இலண்டன் முதலிய நகரங்களின் சிறிய அரங்குகள் அப்படங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தன. கேட்டதனால் படிகள் எடுக்கப்பட்டன. எடுத்தவை காப்பகங்களில் தங்கின. எவரும் கேளாத படத்துக்குப் படி இல்லை. தமிழில் பேசிய முதற்படமாகிய 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது. அதன் சுருள் ஒன்றும் இன்று இல்லை. தென்னிந்தியாவின் முதற்படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இல்லை. இந்தியாவிலிருந்து வந்த பி.என். ராவ் சிங்கப்பூரில் இயக்கி, 1957இல் மக்கள் திரண்டு கண்ட மலாய்ப் படமாகிய 'பொந்தியானாக்'கும் இல்லை. சிங்கப்பூரில் ஆசியத் திரைப்படக் காப்பகம் 2005இல் தோன்றியபின் கேத்தே-கெரிஸ் நிறுவனத்தின் மலாய்ப் படங்கள் பல காப்பாற்றப்பெற்றன. அந்நகரில் பழம்படமும் தனியார் படமும் காட்டிவந்த 'புரொஜெக்டர்' அரங்கு 2014 முதல் நடந்து, 2025 ஆகஸ்டில் மூடப்பட்டது.

கடைசியாக ஒன்று. 1955இல் துணையெழுத்தின்றிக் கண்டவர்கள் எதை இழந்தனர், 2015இல் ஆங்கிலத் துணையெழுத்தோடு கண்டவர்கள் எதைப் பெற்றனர் என்பது ஆராயத்தக்கது. பொருள் பெற்றனர், உறவு பெறவில்லை. துர்காவை அபு 'திதி' என்பான். தமிழில் அது 'அக்கா'. ஆங்கிலத்தில் அதற்கு நேரான விளி இல்லை. இந்திர் கிழவி பிள்ளைகளுக்குப் 'பிஷி', அதாவது அத்தை. சர்வஜயாவுக்கோ அவள் கணவனுடன் பிறந்தாள் முறை. வங்கத்தில் 'டாக்குர்ஜி', நம் வழக்கில் நாத்தனார். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் அவள் ஒரே ஆண்ட்டி. அடுக்களையில் மிளகாயும் எண்ணெயும் குறைவதற்காகச் சர்வஜயா சீறும்போது, அச்சீற்றம் ஒரு கிழவியின்மேல் மட்டும் பாய்வதன்று. இல்லாத சோற்றில் பங்கு கேட்கும் நாத்தனார்மேல் பாய்வது. 'நாத்தனார்' என்ற ஒரு சொல்லைத் திரையின் அடியில் எழுதியிருந்தால், தமிழ்நாட்டிலோ மலேசியாவிலோ எந்த வீட்டுப் பெண்ணும் அக்காட்சியை உரையின்றி உணர்ந்திருப்பாள்.